1-5-6-4 ஜி-யில் ஒரு மாதிரி, டி-யில் ஒரு மாதிரி: ஏன்?

கிட்டார், கீபோர்டு கார்டுகளைப் பற்றி (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்தான் கார்டு) ஒரு கேள்வி வந்தது. அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பிடித்த கார்டு வரிசைகள் எவை என்பது ஒன்று. அதே வரிசையை வேறு ஸ்கேலில் வாசித்தால் குணம் மாறுவதுபோல் தோன்றுகிறதே, அது உண்மையா, மனப்பிரமையா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால்தான் எந்த வரிசையை எந்த ஸ்கேலில் வைப்பது என்று சொல்ல முடியும்.

ஆர்கெஸ்ட்ராவில் பேசுகிற மாதிரியே 'ஸ்கேல்' என்கிறேன். ஜி ஸ்கேல் என்றால் ஜி-தான் ச. கார்டுகளை எண்ணால் குறிக்கிறேன். ஸ்கேலின் எத்தனையாவது சுரத்தின் மேல் கார்டு நிற்கிறதோ அதுவே அதன் எண். மேஜர் ஸ்கேலில் 1, 4, 5 மேஜர் கார்டுகள், 2, 3, 6 மைனர் (நடுச்சுரம் அரைச்சுரம் தாழ்ந்து சோகமாகக் கேட்பது), 7 டிமினிஷ்ட் (அது இங்கே வராது). ஆகவே 1-5-6-4 என்பது சி ஸ்கேலில் சி, ஜி, ஏ மைனர், எஃப். ஜி ஸ்கேலில் ஜி, டி, ஈ மைனர், சி.

இன்றைய கீபோர்டில் ஓர் ஆக்டேவ் (ச முதல் மேல் ச வரை) 12 சமமான அரைச்சுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படியின் அதிர்வெண்ணும் அதற்கு முந்தையதைப்போல் 1.0595 மடங்கு. ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே, ஃபிளாட் என்றால் அரைச்சுரம் கீழே. சி-யிலிருந்து ஈ வரை உள்ள இடைவெளியும் எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஷார்ப் வரை உள்ள இடைவெளியும் அச்சு அசலாக ஒன்றே. எனவே கார்டுகளுக்குள் இருக்கும் உறவு எந்த ஸ்கேலிலும் மாறாது. சுருதி மாறினால் ராகம் மாறுமா? மோகனம் 1 கட்டையிலும் மோகனம், 5 கட்டையிலும் மோகனம். அதே கதைதான்.

ஆனாலும் கிட்டாரில் ஜி-யில் 1-5-6-4 அடித்துவிட்டு உடனே டி-யில் அடித்தால் வித்தியாசம் காதில் விழத்தான் செய்கிறது. அது பிரமை அல்ல. காரணம் கம்பிகளில் இருக்கிறது.

கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே சுரம் கிடையாது. கழுத்தின் நுனிப்பக்கம் வழக்கமாகப் பிடிக்கும் வடிவங்களில் ஒவ்வொரு கார்டின் அடிச்சுரமும் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஜி ஸ்கேலில் ஜி 98, டி 146.8, ஈ மைனர் 82.4, சி 130.8. அதாவது 6-ஆம் கார்டான ஈ மைனர் வரும்போது ஆறு கம்பிகளும் சேர்ந்து, கிட்டாரின் ஆகக் கீழ்ச்சுரத்தில் இறங்குகிறது. சோகமான கார்டுக்குத்தான் அதிக கனம். டி ஸ்கேலில் டி 146.8, ஏ 110, பி மைனர் 123.5, ஜி 98. இங்கே வீடாக இருக்க வேண்டிய 1-ஆம் கார்டு நான்கே கம்பிகளில் மெல்லியதாக நிற்கிறது. கனம் முழுவதும் 4-ஆம் கார்டான ஜி-க்குப் போய்விடுகிறது. வரிசை வீட்டுக்குத் திரும்பும்போது தரையில் கால் பதிவதுபோல் இல்லாமல் மேலே எழும்புவதுபோல் கேட்பது இதனால்தான். ஈ ஸ்கேலில் ஈ 82.4, பி 123.5, சி ஷார்ப் மைனர் 138.6, ஏ 110. ஆக ஆழமான கார்டு 1-ஆம் கார்டே. ஒவ்வொரு சுற்றும் தரையைத் தட்டிவிட்டுத் தொடங்கும். ஒரே நான்கு எண்கள்தான், ஆனால் கீழ்ச்சுரத்தின் ஏற்ற இறக்கம் மூன்று விதம். 'டி ஸ்கேல் பிரகாசமானது, ஈ ஸ்கேல் கம்பீரமானது' என்று கிட்டார் வாசிப்பவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

மீதிப் பங்கு, தொடாமல் ஒலிக்கும் கம்பிகளுடையது. ஸ்கேலுக்குள் அடங்கும் ஓப்பன் கம்பிகள், நீங்கள் அடிக்காவிட்டாலும் உடன் அதிர்ந்து ஒலியை நீட்டும். சி, ஜி, டி ஸ்கேல்களில் ஆறு கம்பிகளும் ஸ்கேலுக்குள் இருக்கின்றன. ஏ, எஃப் ஸ்கேல்களில் ஐந்து. ஈ-யில் நான்கு. பி ஃபிளாட்டில் மூன்று, ஈ ஃபிளாட்டில் இரண்டு, ஏ ஃபிளாட்டில் ஜி கம்பி ஒன்று மட்டும். டி ஃபிளாட்டில் ஒன்றுகூட இல்லை. அங்கே எல்லாமே பார் கார்டு, அதாவது ஒரு விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிப்பது. எல்லாக் கம்பியும் விரலால் அழுத்தப்பட்டது. கையைத் தளர்த்தினால் ஒலி உடனே செத்துவிடும். நறுக்கென்று வெட்டி அடிக்கும் ரிதத்துக்கு அதுவே வசதி. நீண்டு படர வேண்டிய மெலடிக்கு அது பகை.

பேஸ் கிட்டாரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நான்கு கம்பி பேஸின் அடிச்சுரம் ஈ, 41.2 ஹெர்ட்ஸ். பாட்டு ஈ ஸ்கேலில் இருந்தால் ச-வை அந்த ஆழத்தில் வைக்கலாம். பாடகருக்கு எட்டவில்லை என்று அரைச்சுரம் இறக்கி ஈ ஃபிளாட்டுக்குப் போனால், அந்த ஈ ஃபிளாட் பேஸில் கீழே கிடையாது; அடுத்தது 77.8 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. பாட்டு அரைச்சுரம் இறங்கியது. பேஸின் ச-வோ ஏறக்குறைய ஓர் ஆக்டேவ் ஏறிவிட்டது. 'ஸ்கேலை இறக்கியதும் பாட்டின் கனம் போய்விட்டது' என்று மிக்ஸிங்கில் மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். ஐந்து கம்பி பேஸ் எடுக்க வேண்டும், அல்லது எல்லாக் கம்பியையும் அரைச்சுரம் தளர்த்த வேண்டும். ஈக்வலைசரால் சரிசெய்ய முடியாது.

கீபோர்டில் கம்பிப் பிரச்சினை இல்லை. கலங்கல் பிரச்சினை உண்டு. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சுமார் 100 ஹெர்ட்ஸுக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு சுரங்களைக் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்கத் தடுமாறும். நடு சி 261.6 ஹெர்ட்ஸ். அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யும் ஈ-யும் 130.8, 164.8, வித்தியாசம் 34 ஹெர்ட்ஸ்தான். அதுவே கரகரப்பாகக் கேட்கும். சி ஸ்கேலில் நடு சி-யை ஒட்டி அழகாக ஒலித்த அதே கைவடிவத்தை அப்படியே ஐந்து அரைச்சுரம் கீழே ஜி-க்குத் தள்ளினால் கலங்குவது இதனால். விதி எளிது: நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்கும்போது ச, ப, மேல் ச மட்டும் வாசியுங்கள், காந்தாரம் (கார்டின் நடுச்சுரம்; சி கார்டில் ஈ) வேண்டாம். ஸ்கேல் இறங்கினால் வலது கையின் வடிவத்தை இறக்காதீர்கள். இன்வெர்ஷனை (கார்டின் சுரங்களை அடுக்கும் வரிசையை) மாற்றி, கை நடு சி-யைச் சுற்றியே இருக்கும்படி செய்யுங்கள்.

விரல் வைக்கும் இடம் மாறாமலே ஸ்கேலை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பட்டன் பற்றி ஒரு வார்த்தை. அது சுரங்களை மட்டும் நகர்த்துகிறது. அதனால் மேலே சொன்ன கலங்கலும் சேர்ந்தே நகரும். ஸ்டைல் (தானாக ஓடும் தாளமும் பேஸும்) போட்டு வாசிக்கிற கீபோர்டுகளில் இன்னொன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு கார்டுக்கு மேல் போனால் பேஸ் தானாகவே ஓர் ஆக்டேவ் கீழே குதிக்கும்படி அமைத்திருப்பார்கள். எஃப்-இல் மேலே இருந்த பேஸ் ஜி-யில் திடீரென்று கீழே போனால் பதறாதீர்கள். செட்டிங்கில் அந்த எல்லையை மாற்றலாம். முந்தைய பாட்டுக்குப் போட்ட டிரான்ஸ்போஸை எடுக்க மறப்பதுதான் மேடையில் அதிகம் நடக்கும் விபத்து. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

'டி மைனர் சோகமானது, சி மேஜர் தூய்மையானது' என்று சொல்லும் பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஐரோப்பாவில் முன்பு 12 சுரங்களும் சமமாக ட்யூன் செய்யப்படவில்லை. அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கை ஒரு சென்ட் என்பார்கள். இயற்கையான மேஜர் காந்தாரம் ச-விலிருந்து 386 சென்ட். மீன்டோன் என்ற பழைய முறையில் எட்டு மேஜர் கார்டுகளுக்கு அந்தத் தூய காந்தாரம் கிடைத்தது. மீதி நான்குக்கு 427 சென்ட். வாசிக்கவே முடியாத அளவுக்குக் கர்ணகடூரம். சி-யில் தேன், எஃப் ஷார்ப்பில் நாராசம். பிறகு வந்த முறைகள் அந்தக் கசப்பை எல்லா ஸ்கேல்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டன. 24 ஸ்கேல்களிலும் வாசிக்க முடியும் என்று காட்டும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் தொகுப்பு 1722-இல் வந்தது. அந்த நடுக்கால முறைகளில் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் உண்மையிலேயே ஒரு நிறம் இருந்தது. இன்றைய சம ட்யூனிங்கில் எல்லா மேஜர் காந்தாரமும் 400 சென்ட். எல்லாமே ஒரே அளவுக்கு 14 சென்ட் கூடுதல். ஆகவே அந்தப் பட்டியலைக் கீபோர்டில் பொருத்திப் பார்ப்பதில் பொருள் இல்லை.

அந்த 14 சென்ட் இன்றும் ஓர் இடத்தில் கடிக்கும். தம்புராவோடு பாடிப் பழகியவர்கள் அந்தர காந்தாரத்தை (மேஜர் காந்தாரம்தான் அது) இயற்கையான இடத்தில்தான் நிறுத்துவார்கள். கீபோர்டில் நீங்கள் முழு மேஜர் கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு காந்தாரங்களும் உரசும். பாடகர் காந்தாரத்தில் நீண்டு நிற்கிற இடங்களில் கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு ச-வும் ப-வும் மட்டும் வாசியுங்கள். உரசல் போய்விடும்.

ஸ்கேலைத் தீர்மானிக்க வேண்டியது தொண்டை. செய்முறை இது. பாட்டின் உச்சச் சுரம் எது என்று கண்டுபிடியுங்கள். பாடுபவர் கத்தாமல், நான்கு எண்ணும் நேரம் முழு ஒலியோடு பிடிக்கக்கூடிய உச்சம் எது என்று பாருங்கள். சி ஸ்கேல் பாட்டின் உச்சம் நடு சி-க்கு மேலே உள்ள ஜி, பாடுபவரின் உச்சம் அதே ஆக்டேவின் ஈ என்று வைத்துக்கொள்வோம். மூன்று அரைச்சுரம் இறக்க வேண்டும். புது ஸ்கேல் ஏ. சி, ஜி, ஏ மைனர், எஃப் இப்போது ஏ, ஈ, எஃப் ஷார்ப் மைனர், டி ஆகிறது. அடுத்து, பாட்டின் ஆகக் கீழ்ச்சுரமும் மூன்று இறங்குமே, அது கேட்கிறதா என்று பாருங்கள். பல்லவியின் கீழ்ச்சுரம் காற்றாகிவிட்டால் ஒன்று ஏற்றிச் சமரசம் செய்ய வேண்டும். கடைசியாக, உச்சம் வரும் பகுதியை மூன்று முறை தொடர்ந்து பாடச் சொல்லுங்கள். ஒரே முறை எட்டியதை நம்பி ஸ்கேலை நிச்சயித்தால் கச்சேரியின் பாதியில் தொண்டை கட்டும்.

கட்டைக் கணக்கில் ஒரு குழி இருக்கிறது. சி 1 கட்டை, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. கறுப்புக் கட்டைகள் அரை. சி ஷார்ப் 1½, எஃப் ஷார்ப் 4½. ஆனால் 3½ என்று ஒன்று கிடையாது. 3-லிருந்து 4 கட்டைக்குப் போவது அரைச்சுரம்தான். 1-லிருந்து 2-க்குப் போவது முழுச்சுரம், அதாவது இரண்டு அரைச்சுரம். 'ஒரு கட்டை ஏத்து' என்று பாடகர் சொன்னால் எத்தனை அரைச்சுரம் என்பது எங்கிருந்து ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. கிட்டார்காரர் ஒன்று, கீபோர்டுக்காரர் இரண்டு என்று நகர்த்தி மோதிக்கொள்வது இங்கேதான். மேடையில் கட்டையைக் கேட்டுக்கொண்டு, உங்களுக்குள் சுரப்பெயரால் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி வரிசைகள்.

1-5-6-4 எத்தனை முறை கேட்டாலும் சலிக்காததற்குக் காரணம், நான்கு கார்டுகளில் மூன்று மேஜர், ஒன்று மைனர். அந்த மைனர் மூன்றாவதாக வந்து நிழல்போல் விழுந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. கெடுவது எங்கே? கீபோர்டில் நான்கையும் ரூட் பொசிஷனிலேயே (கார்டின் பெயர்ச்சுரமான ரூட் எப்போதும் அடியில் இருக்கும்படி) குதித்துக் குதித்து வாசிக்கும்போது. வலது கையில் இப்படி வையுங்கள்: சி-ஈ-ஜி, பிறகு பி-டி-ஜி, பிறகு சி-ஈ-ஏ, பிறகு சி-எஃப்-ஏ. ஒவ்வொரு விரலும் அதிகபட்சம் முழுச்சுரம்தான் நகர்கிறது. இடது கையில் இரண்டாவது கார்டுக்கு ஜி-க்குப் பதில் பி வாசித்தால் பேஸ் சி, பி, ஏ என்று படியிறங்கி எஃப்-க்கு வரும். இந்த ஒரு மாற்றம் வரிசைக்குப் புது உயிர் கொடுக்கும்.

கிட்டாரில் இதற்கு ஜி ஸ்கேலும் ஈ ஸ்கேலும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஜி-யில் மோதிர விரலும் சுண்டு விரலும் மெல்லிய முதல் இரண்டு கம்பிகளின் 3-ஆம் ஃப்ரெட்டை (கழுத்தின் 3-ஆம் கட்டத்தை) விட்டு நகராமல் நான்கு கார்டையும் பிடிக்கலாம். மேலே டி-யும் ஜி-யும் மணிபோல் ஒலித்துக்கொண்டே இருக்க, கீழே மட்டும் கார்டு மாறும். ஈ-யில் அந்த வேலையை பி, ஈ ஆகிய இரண்டு ஓப்பன் கம்பிகள் செய்யும். முதலில் வழக்கமான ஈ. பி-க்கு 5-ஆம் கம்பியில் 2-ஆம் ஃப்ரெட், 4, 3-ஆம் கம்பிகளில் 4-ஆம் ஃப்ரெட். சி ஷார்ப் மைனருக்கு அதே வடிவத்தை இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்துங்கள். ஏ-வுக்கு 4, 3-ஆம் கம்பிகளில் 2-ஆம் ஃப்ரெட், 5-ஆம் கம்பி திறந்தபடி. நான்கிலும் மேல் இரண்டு கம்பிகளைத் தொடவே வேண்டாம். பி-யில் அந்த ஓப்பன் ஈ இருப்பதால் அது முழு மேஜராக இல்லாமல் தொங்கி நிற்கும். அந்தத் தொங்கல்தான் அடுத்த கார்டுக்கு இழுக்கிறது. இதே வரிசையை எஃப்-க்கு மாற்றினால் இந்த ஒலியே இருக்காது. எஃப் வேண்டுமென்றால் 1-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு ஈ வடிவங்களையே பிடியுங்கள்.

அதே நான்கு கார்டுகளை 6-4-1-5 என்று சுழற்றினால் ஸ்கேலே சந்தேகத்துக்குள்ளாகிறது. ஏ மைனர், எஃப், சி, ஜி. இது சி மேஜரா, ஏ மைனரா? கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம்: சங்கராபரணத்தின் தைவதத்தை ச-வாக எடுத்தால் நடபைரவி. சுரங்கள் ஒன்றே, வீடு மட்டும் மாறுகிறது. வீட்டைத் தீர்மானிப்பது மெலடி எங்கே ஓய்கிறது என்பதும் தாளத்தின் சமத்தில் எந்தக் கார்டு விழுகிறது என்பதும். சந்தேகமே அழகு என்றால் அப்படியே விடுங்கள். ஏ மைனர்தான் வீடு என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் கடைசி ஜி-யை எடுத்துவிட்டு ஈ மேஜரை வையுங்கள். அதில் வரும் ஜி ஷார்ப் நடபைரவியைக் கீரவாணியாக்கிவிடும். ச-வுக்கு அரைச்சுரம் கீழே உள்ள காகலி நிஷாதம் ச-வை இழுப்பதுபோல் அது ஏ-வை இழுக்கும். ஆனால் அந்த நேரத்தில் பாடகர் ஜி-யைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு நிஷாதங்களும் மோதும். மெலடியின் அந்த இடத்தைப் பார்க்காமல் கார்டை மாற்றுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருக்கமானது 4, மைனர் 4, 1. சி ஸ்கேலில் எஃப், எஃப் மைனர், சி. நெஞ்சைப் பிசைகிற அந்த உணர்வு முழுவதும் ஒரே ஒரு சுரத்தின் வழுக்கலில் இருக்கிறது: ஏ, ஏ ஃபிளாட், ஜி. நம் மொழியில் சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம். அந்த வழுக்கல் கார்டின் உச்சியில் கேட்டால்தான் மாயம் நடக்கும். நடுவில் புதைந்தால் யாருக்கும் தெரியாது. ஸ்கேல் தேர்வு இவ்வளவு நேரடியாகப் பலன் தரும் வரிசை வேறில்லை. கிட்டாரில் சி-யில் வாசித்தால் எஃப், எஃப் மைனர் இரண்டும் பார் கார்டு. பார் போட்ட விரலுக்கு அடியில் வழுக்கல் அமுங்கிவிடும். ஏ ஸ்கேலுக்குப் போங்கள்: டி, டி மைனர், ஏ. முதல் கம்பியில் 2-ஆம் ஃப்ரெட், 1-ஆம் ஃப்ரெட், ஓப்பன். எஃப் ஷார்ப், எஃப், ஈ என்று மெலடிபோலவே இறங்கும். ஈ ஸ்கேலும் நல்லது: ஏ, ஏ மைனர், ஈ, அங்கே இரண்டாவது கம்பியில் 2, 1, ஓப்பன். பாடகருக்கு சி-தான் வேண்டுமா? 3-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ, ஏ வடிவங்கள். கீபோர்டில் எந்த ஸ்கேலிலும் முடியும். அந்தச் சுரத்தைச் சுண்டு விரலில் வைத்து மேலே நிறுத்தினால் போதும்.

2-5-1 ஜாஸின் முதுகெலும்பு. சி-யில் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 (7 என்றால் ரூட்டிலிருந்து ஏழாவது சுரமும் கார்டில் சேர்கிறது). இதில் காது பின்தொடர்வது இரண்டே சுரங்களை: எஃப்-சி, பிறகு எஃப்-பி, பிறகு ஈ-பி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒன்று நிற்கும், மற்றது அரைச்சுரம் இறங்கும். ரூட்டைப் பேஸுக்கு விட்டுவிட்டு இந்த இரண்டு சுரங்களை மட்டும் வாசித்தாலே வரிசை முழுதாகக் கேட்கும். ஊதுகருவிகள் சேரும்போது ஸ்கேலைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டிரம்பெட் பி ஃபிளாட் கருவி, அதாவது அவர் சி என்று வாசித்தால் ஒலிப்பது பி ஃபிளாட்; உங்கள் ஈ ஸ்கேல் அதற்கு ஆறு ஷார்ப் கொண்ட எஃப் ஷார்ப். ஆல்டோ சாக்ஸ் ஈ ஃபிளாட் கருவி. அதே ஈ அதற்கு சி ஷார்ப். கிட்டாருக்குச் சொர்க்கமான ஸ்கேல் அவர்களுக்கு நரகம். எஃப் ஸ்கேலில் டிரம்பெட்டுக்கு ஒரே ஷார்ப், சாக்ஸுக்கு இரண்டு, கிட்டாருக்கும் ஐந்து ஓப்பன் கம்பிகள் மிஞ்சும். எல்லோரும் கைகுலுக்கக்கூடிய இடம் அது.

பன்னிரண்டு பார் ப்ளூஸுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. (இங்கே பார் என்பது ஒரு தாளச் சுற்று.) நான்கு பார் 1, இரண்டு பார் 4, இரண்டு பார் 1, பிறகு 5, 4, 1, 5 ஒவ்வொரு பார். ஏ ஸ்கேலில் ஏ, டி, ஈ மூன்று ரூட்டும் கிட்டாரின் ஓப்பன் கம்பிகள்; கட்டைவிரல் பேஸை ஓட்ட, மற்ற விரல்கள் சுதந்திரமாக மேலே வாசிக்கலாம்.

ஸ்கேலைப் பாட்டின் நடுவே மாற்றுவது பற்றியும் கேட்பார்கள். ஆண் குரலுக்கு 1 கட்டை, பெண் குரலுக்கு 4 அல்லது 5 கட்டை என்று டூயட்டில் வந்தால், சி-யிலிருந்து எஃப்-க்குப் போக சி 7 ஒரு பார் போதும். அதில் சேரும் பி ஃபிளாட் கதவைத் திறந்துவிடும். ஜி-க்குப் போக டி 7. அந்த இணைப்புக் கார்டில் பாடகி நுழையும் சுரம் ஏற்கெனவே ஒலிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் சொல்லிலேயே சுருதி விலகும்.

கேப்போவும் ட்யூனிங்கும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. கேப்போவை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் கம்பிகள் இழுபட்டு சுருதி ஏறும். போட்ட பிறகு மறுபடி ட்யூனரில் பாருங்கள். ஜி கார்டு காதுக்கு இனிமையாகும்வரை பி கம்பியைக் காதால் திருத்துகிறவர்கள் அதை 14 சென்ட் இறக்கிவிடுகிறார்கள். அதே பி, ஈ கார்டில் பஞ்சமமாக வரும்போது அழும். 'ஜி ஸ்கேலில் நன்றாக இருக்கிறது, ஈ-யில் மட்டும் கிட்டார் சரியில்லை' என்ற புகாருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக, ஸ்கேலும் வரிசையும் பிரிக்கவே முடியாமல் ஒட்டிப்போன ஓர் இடம்: ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ இசை. ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று படியிறங்கும் ஆண்டலூசிய வரிசையில் வீடு ஏ அல்ல, ஈ. கடைசி ஈ மேஜரில் நிற்கும்போது கேட்பது கிட்டத்தட்ட நம் வகுளாபரண ராகம். இந்த ஈ நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'போர் அர்ரிபா'. டி மைனர், சி, பி ஃபிளாட், ஏ என்று ஏ-யில் முடிந்தால் 'போர் மெடியோ'. காகிதத்தில் இரண்டும் ஒரே வரிசை. ஆனால் ஒன்றில் எஃப் கார்டின் மீதும் மற்றொன்றில் பி ஃபிளாட்டின் மீதும் அதே ஓப்பன் ஈ கம்பி ஒலிக்க, இரண்டிலும் வேறு வேறு உரசல் பிறக்கிறது. அந்த உரசலை இழக்க அவர்களுக்கு மனமில்லை. பாடகரின் தொண்டைக்கு ஏற்பக் கேப்போவைத்தான் நகர்த்துவார்கள், வடிவத்தை அல்ல. இன்னும் தூரம் போனால் 'தரந்தா'. அங்கே வீடு எஃப் ஷார்ப். 6-ஆம் கம்பியில் 2, 5, 4-ஆம் கம்பிகளில் 4, 3-ஆம் கம்பியில் 3 பிடித்து, மேல் பி-யையும் ஈ-யையும் திறந்தே விடுகிறார்கள். ஏ ஷார்ப்பும் பி-யும் அரைச்சுர இடைவெளியில் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு நிற்கும். டிரான்ஸ்போஸ் பட்டன் இதைத் தராது. கீபோர்டில் வேண்டுமென்றால் இடது கையில் எஃப் ஷார்ப், சி ஷார்ப். வலது கையில் நடு சி-க்குக் கீழே எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், பி, அதற்கு மேலே ஈ. பெடலை அழுத்தி, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக வாசியுங்கள்.